மலைப் பயணத்தில் அடுப்பு தகராறு செய்தால்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சமையல் அடுப்போடு வேன் ஓட்டுகிறேன். காஸ் வாடை வந்தால் சமையல்காரர் சொல்லும் சமாதானம் எதையும் நான் கேட்பதில்லை. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரை மூடி, ஆட்களை இறக்கிவிட வேண்டும். சுவிட்ச் எதையும் தொடக்கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. இருக்கைகளுக்கு அடியில் தேங்கும். ஆகவே ஜன்னல் போதாது, கதவுகளை அகலத் திறந்துவையுங்கள். வாடை அடங்காவிட்டால் காஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906ஐ அழையுங்கள்.

வாடை முழுவதும் போனபின், சிலிண்டரை வெளியே வைத்து, சோப்பு நுரையை வால்விலும் டியூபின் இரு முனைகளிலும் தடவுங்கள். கொப்புளம் எழும் இடம்தான் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்களை நான் வண்டியிலேயே ஏற்றுவதில்லை. ரெகுலேட்டரைக் கழற்றியதும் வால்வின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

மலையடிவார வத்தலக்குண்டில் சீறி எரிந்த அடுப்பு, கொடைக்கானல் விடியற்காலையில் சோம்பி எரியும். அது பழுதல்ல. சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனோ பூஜ்ஜியத்தை நெருங்கினாலே மந்தமாகிவிடும். புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாவதால், பாதி தீர்ந்த சிலிண்டரில் பியூட்டேனே மிஞ்சும். அதை அடிவாரத்தில் தீர்த்துவிட்டு, நிறைந்ததை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவதும், அதைப் படுக்கவைத்து உருட்டுவதும் ஆபத்து.

சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைக் கழுவி, துளைகளை ஊசியால் குத்திவிடுங்கள்.