வீட்டார் எதிர்க்கும் திருமணத்தை வடசென்னையில் சட்டப்படி பதிவு செய்வது எப்படி

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்த இருவர், சாதியையும் வசதியையும் மீறித் திருமணம் செய்ய முடிவெடுத்தால், நாள் குறிப்பதற்கு முன்பே சான்றிதழ்களைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் துணைக்குச் சென்ற ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல் தாயாரின் இரும்பு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. மாநகராட்சியின் இணையதளத்தில் கிடைத்த பிறப்புச் சான்றிதழ்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருப்பதைக் காட்டும் ஆவணம் இல்லாமல் எந்த வேலையும் நகராது.

இருவரும் இந்துக்கள் என்றால், சாதி வேறாக இருந்தாலும், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவே எளிய வழி. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் வந்த இந்தப் பிரிவின்படி, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தெரிந்த மொழியில் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால், திருமணம் செல்லும். புரோகிதரும் வேண்டாம், முன்னறிவிப்பும் வேண்டாம். பிறகு 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

மதம் வேறு, யாரும் மாறப்போவதில்லை என்றால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், திருமணம் செய்யப்போவதாகத் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் 30 நாட்களாவது குடியிருந்திருக்க வேண்டும். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வழிதான். பெயரும் முகவரியும் கொண்ட அந்தத் தாள் அலுவலகப் பலகையில் 30 நாட்கள் எல்லோர் கண்ணிலும் படும். வில்லங்கச் சான்று வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, அன்று மாலைக்குள் பெண்ணின் தாய்மாமனுக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன்பே பாதுகாப்பாகத் தங்க ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. விவாகரத்து ஆகாத துணை உயிருடன் இருப்பது, வயது குறைவு, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, சம்மதம் தர இயலாத மனநிலை போன்றவற்றையே அலுவலர் விசாரிக்க முடியும். கெடு முடிந்ததும் மூன்று சாட்சிகளுடன் செல்லுங்கள். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதங்கள் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மிரட்டல் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டாம். இத்தகைய இணையர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும், உதவி எண்ணும் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, காவல் துணை ஆணையரிடம் மனுக் கொடுத்து ரசீது பெறுங்கள். "என் விருப்பப்படியே வந்தேன்" என்ற வரி பெண்ணின் கையெழுத்திலேயே அதில் இருக்கட்டும். பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்திருந்தால், விசாரணையில் முதலில் தேடப்படுவது அந்த வரிதான். மனுவின் ஒரு நகலை வீட்டாருக்குத் தெரியாத நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.