ஒட்டுக் கட்டையில் பேனா கடைவோர் செய்யும் தவறுகள்

ஒற்றை மரத்தில் நாலைந்து பேனா கடைந்து கை பழகியதும், அடுத்த ஆசை பல நிற மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் கட்டையின் மேல்தான் போகும். அதிலும் கெல்டிக் முடிச்சு: வெளிர் மரத்தில் கருமரப் பட்டைகள் ஒன்றையொன்று பின்னிச் செல்வது போன்ற தோற்றம். ஆசையாய் லேத்தில் ஏற்றுவோம். உளி பட்டதும் கட்டை நாலாகச் சிதறும். உளியைத்தான் திட்டுவோம். எனக்குச் சிதறியவற்றில் பெரும்பாலானவை லேத்தில் ஏறும் முன்பே கெட்டுப்போனவை.

கட்டையைத் துளைத்து உள்ளே ஒரு பித்தளைக் குழாயை ஒட்டி, அதன்மேல்தான் கடைகிறோம். ஸ்லிம்லைன் எனப்படும் சாதாரண மெல்லிய பேனாவில் அந்தக் குழாய் 7 மி.மீ. கடைந்து முடித்த பேனாவின் முனை விட்டம் சுமார் 8.4 மி.மீ. குழாயைச் சுற்றி மிஞ்சும் மரம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் தோலில்தான் அத்தனை ஒட்டுகளும் நிற்க வேண்டும்.

முடிச்சு கோணலாவதற்கு முதல் காரணம் ரம்பம். கட்டையைச் சாய்வாக அறுத்து, வெட்டில் பட்டையைச் செருகி, ஒட்டு காய்ந்தபின் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அறுக்கிறோம். இப்படி நான்கு பக்கமும். ரம்பம் 2 மி.மீ. தின்றால் பட்டையும் 2 மி.மீ. இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் இரு பாதிகளும் நெருங்கிவிடும். முன்பு ஒட்டிய பட்டை அந்த இடத்தில் படிக்கட்டு போல விலகி நிற்கும். முதலில் வீண்கட்டையை அறுத்துப் பட்டையைச் செருகிப் பாருங்கள். தட்டி இறக்கவும் கூடாது, ஆடவும் கூடாது.

பசையில் அவசரம் வேண்டாம். சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும், ஆனால் ஏறத்தாழ 80 டிகிரி சூட்டிலேயே தளரத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியும் (இரு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) சூடு தாங்காது. மெதுவாக இறுகும் எபாக்ஸியைப் பூசி ஒரு முழு நாள் விடுங்கள். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள மரங்களை ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். அலுமினியத் தகடு செருகுவதாக இருந்தால் அதன் இரு முகங்களையும் உப்புத்தாளால் கீறிவிடுங்கள். வழவழப்பில் எந்தப் பசையும் நிற்காது.

அதிகக் கட்டைகளைப் பலி வாங்குவது டிரில். துளைக்குள் தூள் அடைத்தால் பிட் சூடேறும், ஒட்டு இளகும். வெளியே ஒன்றும் தெரியாது. குழாயை ஒட்டிக் கடையும்போதுதான் பிரியும். வேகத்தைக் குறைத்து, சிறிது துளைத்ததும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். பிட்டைத் தொட முடியாத சூடு வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கட்டையைத் தேவைக்கு மேல் ஓர் அங்குலம் நீளமாக வைத்து, பிட் மறுமுனையைத் துளைத்து வெளியேறும் முன் நிறுத்தி, மிச்சத்தை அறுத்தெடுத்தால் முனை பிளக்காது.

துளை நடுவில் இருப்பதும் முக்கியம். கடையும்போது மையம் என்பது துளைதான், கட்டையின் நடு அல்ல. துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முடிச்சு ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சூம்பிவிடும்.

இத்தனையும் சரியானால் கடைசல் சுலபம். நான்கு மூலைகளையும் முதலிலேயே உப்புத்தாள் வட்டில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். சதுர மூலையில் உளி மோதுவதுதான் ஒட்டைப் பெயர்க்கும். உளியை அப்போதே தீட்டி, மெல்லியதாகச் சீவுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் போடாமல் லேத்தை ஓட்டவே வேண்டாம். தெறித்த துண்டு ஒன்று என் மூக்குக் கண்ணாடியில் போட்ட கீறல் இன்னும் இருக்கிறது.

கடைசியாகத் தேய்ப்பு. அலுமினியத் தூள் வெள்ளை மரத்தைச் சாம்பலாக்கும். படாக் மரத்தின் செந்தூள் பக்கத்திலுள்ள வெளிர் மேப்பிள் மரத்தில் ஏறி இளஞ்சிவப்பாக்கும். அதனால் முரட்டுத்தாளில் அதிகம் தேய்க்காதீர்கள். உளியாலேயே கிட்டத்தட்ட இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் போல ஓடும் வகை சூப்பர் க்ளூவை ஒரு பூச்சு பூசி மரத்துளைகளை அடைத்தபின் தாளை எடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, நீளவாக்கில் ஒருமுறை தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள்.