பருவம் முடிந்த பிறகும் வீடு நிற்க வேண்டும்: குடியிருப்புகளில் பணியாற்றும் மாணவர்களுக்கு

கட்டடக்கலையோ நகரத் திட்டமிடலோ பயிலும் மாணவர்கள் ஒரு குடியிருப்புக்கு உதவப் புறப்படும்போது முதலில் கணக்கிட வேண்டியது காலத்தை. உங்களுக்கு ஒரு கல்விப் பருவம் நான்கைந்து மாதங்களில் முடிந்துவிடும். அங்கு வாழ்பவர்களோ அந்த வீட்டில் பல பத்தாண்டுகள் இருக்கப்போகிறவர்கள். ஆகவே நீங்கள் போன பின் பணியை யார் தொடர்வார்கள், பழுது வந்தால் யாரை அழைப்பது என்பதை முதல் வாரத்திலேயே அவர்களோடு பேசி எழுதிவையுங்கள். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோ, அதாவது மாணவர்களே வடிவமைத்துக் கட்டிப் பழகும் பயிற்சித் திட்டம், 1993 முதல் அலபாமா மாநிலத்தின் ஹேல் கவுண்டியிலேயே (மாவட்டத்திலேயே) ஊன்றி நிற்கிறது. மாணவர்கள் மாறினாலும் இடம் மாறாததால், 2005-இல் அவர்கள் தொடங்கிய குறைந்த செலவு வீட்டுத் திட்டத்தில் முந்தைய வீட்டில் கண்ட குறையை அடுத்த வீட்டில் திருத்த முடிந்தது. உங்கள் துறையாலும் ஒரே குடியிருப்போடு பல ஆண்டுகள் உறவு வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். ஆண்டுக்கொரு புதிய இடத்தைத் தேடிப் போவதைவிட அதுவே மக்களுக்குப் பயன் தரும்.

அடுத்து, முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்துங்கள். மக்கள் பங்கேற்பை 1969-இல் எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன், கருத்துக் கேட்பதைக் கீழிருந்து நான்காம் படியில்தான் வைத்தார். கூட்டாக முடிவெடுப்பது ஆறாம் படியில் வருகிறது. ஒரே கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவது பங்கேற்பு ஆகாது. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கூடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்களை அவர்கள் வீட்டு வாசலில் சந்தித்துப் பேசுங்கள்.

வரைபடத்தைத் தாளில் காட்டினால் பலர் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள். அதற்குப் பதிலாக, உத்தேசித்த அறையை வெற்றுத் தரையில் சுண்ணாம்புத் தூளால் உண்மை அளவில் கோடிட்டு, கதவு வரும் இடத்தில் இரண்டு கற்களை வைத்து, குடும்பத்தினரை உள்ளே நடக்கச் சொல்லுங்கள். கட்டிலின் நீள அகலத்துக்கு ஒரு பாயை விரித்துப் பார்த்தவுடன், கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பதை அந்த வீட்டுப் பாட்டி உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். கோட்டை அழித்து மீண்டும் போட ஒரு நிமிடம் போதும், கட்டிய சுவரை இடிப்பதோ அப்படியன்று.

நிலத்துக்குப் பட்டா இல்லாத குடியிருப்புகளில் மிகுந்த கவனம் தேவை. எந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள் என்று காட்டும் கணக்கெடுப்பு, தவறான கைகளில் சிக்கினால், அவர்களை வெளியேற்றுவதற்கே கருவியாகிவிடும். எதைச் சேகரிக்கலாம், யாரிடம் காட்டலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மூலப்படி அவர்களிடமே இருக்கட்டும்.

நிலைத்த வடிவமைப்பு என்றதும் விலையுயர்ந்த கருவிகளைத் தேட வேண்டியதில்லை. வெப்பமான இடங்களில் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைப்பதும், கூரைக்கு வெள்ளை பூசுவதும், வெயில் விழும் சன்னலுக்கு நிழல் தருவதும் முதலில் செய்ய வேண்டியவை. மழைநீருக்கு எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு அதிகபட்சம் 400 லிட்டர் கிடைக்கும். கூரை அழுக்கைக் கழுவிவரும் முதல் நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்ற சரிவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது, அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே வாக்குக் கொடுங்கள்.

அடித்தளம், தூண், கூரை, மின்சாரம் ஆகியவற்றில் உங்கள் வரைபடத்தைத் தகுதி பெற்ற பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

ஒப்படைக்கும் நாளில், உண்மையில் கட்டியதற்கு ஏற்பத் திருத்திய வரைபடம், குழாய்களும் மின்கம்பிகளும் சுவருக்குள் செல்லும் வழியைக் காட்டும் புகைப்படங்கள், பொருள்களின் விலைப்பட்டியல், பராமரிப்புக் குறிப்பு ஆகியவற்றை அவர்கள் படிக்கும் மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள். முதல் பெருமழை முடிந்ததும் திரும்பிச் சென்று, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஈரம் கசிந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். கசிந்திருந்தால், அதைச் சரிசெய்வது அடுத்து வரும் மாணவர் குழுவின் முதல் வேலையாகட்டும்.