மாரடைப்பு எத்தனை நாள் பழசு? இதயத் தசை ஸ்லைடைப் படிக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தவர்கள். போன வாரம் ஒருத்தி, "எல்லா ஸ்லைடும் ஒரே ரோஸாத்தான் தெரியுதுக்கா" என்றாள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்ல தசை

40 எக்ஸ் லென்ஸுக்கு உடனே தாவாதீர்கள். 4, பிறகு 10, கடைசியாக 40. ஹெமடாக்ஸிலின்–ஈயோசின் சாயத்தில் தசை ரோஸ் நிறம், உட்கரு நீலம். நல்ல இதயத் தசை இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடும். உட்கரு இழையின் நடுவில் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரத்தைக் கொஞ்சம் மூடினால் மெல்லிய குறுக்குவரிகள் தெரியும். இதைக் கண் பழகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்து, ஸ்லைடில் தெரியாத நேரம்

இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்து ரத்தம் நின்ற சில நொடிகளில் செல்லுக்கு ஆக்ஸிஜன் தீர்கிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது. ஓரிரு நிமிடங்களில் அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் செல் இன்னும் சாகவில்லை. அடைப்பு நீடித்தால் சுமார் 20 முதல் 40 நிமிடத்தில் செல் சவ்வு கிழியத் தொடங்கும். அதன்பின் அந்தச் செல்லை மீட்க முடியாது. சாவு இதயச் சுவரின் உட்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் பரவுகிறது. கிழிசல் வழியாகக் கசியும் ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்தைத்தான் ரத்தப் பரிசோதனையில் தேடுகிறார்கள்.

இத்தனை நடந்தும் முதல் நாலு மணி நேரம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் அநேகமாக ஒன்றும் தெரியாது. ஸ்லைடு நன்றாக இருக்கிறது என்பதற்காக மாரடைப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் மூன்று நாள்

4 மணி நேரத்துக்குப் பிறகு ஓரத்து இழைகள் அலை அலையாக நெளியும். 12 மணி நேரத்தில் ரோஸ் அடர்ந்து உட்கரு சுருங்கிக் கறுக்கும். 1 முதல் 3 நாளில் உட்கரு மறைந்து, ஆள் காலி செய்த வீடுபோல இழையின் வெளிக்கோடு மட்டும் நிற்கும். இடையிடையே பல மடல் உட்கருவோடு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் மொய்த்திருக்கும்.

3 முதல் 7 நாள்: இங்கே நிதானமாகப் பாருங்கள்

நியூட்ரோஃபில்கள் சிதைந்துபோக, மேக்ரோஃபேஜ்கள் என்ற பெரிய துப்புரவு செல்கள் வந்து செத்த இழைகளை விழுங்குகின்றன. பழைய தசை கரைகிறது. அதைத் தாங்கப் புதுத் தழும்பு இன்னும் வரவில்லை. சுவர் மிகவும் இளகியிருப்பது அப்போதுதான். கிழியும் ஆபத்தும் அப்போதுதான் கூடுதல்.

என் தாய்மாமா நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் குடித்தே ஒரு நாளைக் கழித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்தாம் நாள் வலி இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, மூணு மாடியும் நானே ஏறிக்கறேன்" என்றார். என் கண்ணில் அந்தக் கரைந்த இழைகள்தான் நின்றன. "டாக்டர் சொல்லாம ஒரு படிகூட ஏறக்கூடாது மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வலி போனதும் தசை ஆறிவிட்டது என்று நம் வீடுகளில் நினைத்துவிடுகிறோம்.

பிறகு தழும்பு

7 முதல் 14 நாளில் நுண்ணிய புது ரத்தக்குழாய்களும், தழும்பு நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் நிறையும். அதன்பின் கொலாஜன் என்ற நார்ப் புரதம் கூடிக்கொண்டே போய், இரண்டு மாதத்துக்குள் கெட்டித் தழும்பாகும். மேசன் ட்ரைக்ரோம் சாயம் போட்டால் தழும்பு நீலமாகவும் தசை சிவப்பாகவும் பிரிந்து தெரியும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சாயம் இல்லை. தழும்பு தாங்கும், ஆனால் துடிக்காது. 25 வயதில்கூட இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதமே புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009-இல் வெளியான கார்பன்–14 ஆய்வு காட்டியது.

நாள் எழுதும் முன்

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியாலோ ஸ்டென்ட்டாலோ ரத்தம் திரும்பியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதற்கு அடையாளமாக, இழைக்குக் குறுக்கே அடர்ந்த பட்டைகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். பெரிய பாதிப்பு ஓரத்திலிருந்துதான் ஆறிக்கொண்டு வரும். நடுப்பகுதி பின்தங்கி இளசாகத் தெரியலாம். அதனால் ஓரம், நடு இரண்டையும் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.