துண்டுத் துணி டேபிள் மேட்: நனைச்சியா, நனைக்கலையா?

போன வாரம் என்னிடம் தையல் பழக வரும் பெண் நாலு டேபிள் மேட் தைத்து எடுத்து வந்தாள். பிளவுஸ் வெட்டிய மீதித் துணியில் பட்டை, நடுவில் பஞ்சு, மேலே நெடுக்காகத் தையல். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"துணியை நனைச்சியா?"

"புதுத் துணிதானேக்கா, எதுக்கு?"

ஒரு காலத்தில் நானும் வாய் கூசாமல் சொன்ன அதே பதில். பாபின் நூல் தீர்ந்தது தெரியாமல் ஓட்டுவது, தலைகீழாக வைத்துத் தைப்பது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். இது அப்படிப் போகாது.

நனைக்காமல் தைப்பது

அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சுக்கு ஆறு மேட் தைத்தேன். ஒவ்வொன்றும் 18-க்கு 12 இஞ்ச். அரக்குச் சுங்குடிப் பட்டை ஒன்று, வெள்ளைக் காடாப் பட்டை ஒன்று என மாற்றி மாற்றி. மூன்று ராத்திரி வேலை. துண்டுத் துணி விற்றவர் "சாயம் போகவே போகாதும்மா" என்று சத்தியம் செய்திருந்தார். ஒரு மாதம் கழித்து, ரசம் கொட்டிய மேட்களை அண்ணி ஊறப்போட்டிருக்கிறார். வெள்ளை முழுக்க ரோஸ் கலர். அதுகூடப் பரவாயில்லை, மேட் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது மேசையில் பிளாஸ்டிக் மேட் இருந்தது.

தறியிலும் ஆலையிலும் இழுத்துப் பிடித்த நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்குகிறது. நனைக்காத பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 18 இஞ்சில் 5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். டெரிகாட்டன் அவ்வளவு சுருங்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பஞ்சோடு சேர்த்துத் தைத்துவிட்டால், ஒன்று இழுக்க மற்றது மடங்கத்தான் செய்யும். பிளவுஸ் லைனிங் என்றால் நனைத்துக் காயப்போட்டுத்தான் வெட்டுகிறோம். மேட் என்றால் மட்டும் அது எப்படித்தான் மறந்துபோகிறதோ!

கல் உப்புப் போட்டு அலசினால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. துணியாகி வந்த பிறகு நம் வீட்டு பக்கெட்டில் அது எதையும் கட்டிவைக்காது. அலசிய துணித் துண்டை ஈரத்தோடு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால் மறுபடி அலசுங்கள். மூன்றாவது முறையும் ஏறினால் அதைக் கரித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் துண்டுகள் துவைத்தால் ஓரம் பிரியுமே என்றால், பிரியும்தான். பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி ஊறவையுங்கள். அடர் நிறத்துக்குத் தனி உறை.

தையலுக்கு விடும் கால் இஞ்ச்

கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). எட்டுப் பட்டைக்கு ஏழு தையல். ஒவ்வொரு தையலிலும் இரு பட்டையிலும் அரை நூல் கூடப் பிடித்தால், மொத்தம் ஏழு நூல் காணாமல் போகும். பிறகு அடித்துணி நீளமாக இருக்கிறதே என்று தைக்கும் முன்பே அதை வெட்டக் கூடாது.

பஞ்சு

மொத்தமான பாலியஸ்டர் பஞ்சில் டம்ளர் ஆடும், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையும் அதன்மேல் வைக்க முடியாது. பழைய தேங்காய்ப்பூத் துண்டு போதும். அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியிருக்கும்.

ஓரத்திலிருந்து தைப்பது

பட்டை, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் அடித்துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு மடிப்பாக நிற்கும். அதைப் பிரிக்க அரை நாள். பஞ்சும் அடித்துணியும் நாலு பக்கமும் ஒரு இஞ்ச் கூடவே இருக்கட்டும். தைத்து முடித்த பிறகுதான் அளவுக்கு வெட்ட வேண்டும்.

பட்டுத் துண்டு

வேண்டாம்.

ஊசி

16 நம்பர். போன தீபாவளிக்கு மாட்டியதா? கழற்றுங்கள்.