அம்மம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில், தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தின் கதை ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கடை எரிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். "அண்டைக்கு இரவு எங்க படுத்தீங்கள்? ஆர் சாப்பாடு தந்தது?" என்று அம்மம்மாவிடம் கேளுங்கள். பலருடைய கதையில் அந்த இடத்தில்தான் ஒரு சிங்கள அயலவர் கதவைத் திறப்பார். "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று யாராவது சொல்லும்போது பிள்ளைக்கு அவர் முகம் ஞாபகம் வரும்.

நமக்குக் கசக்கும் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்வது பாதிக் கதைதான்.

சம்மதம் கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். பேச மனமில்லை என்றால், சரி, விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் தேத்தண்ணியோடு அவரே தொடங்குவார்.