எந்த கம்பெனிக்கும் கொடி புடிக்காம கார் பைத்தியமா இருக்குறது எப்படி

கார் பிடிக்கும்னு சொன்னா போதும், அடுத்த கேள்வி "அப்போ நீங்க டாடாவா மாருதியா?"ன்னு தான் வரும், ஏதோ எந்த கட்சிக்கு ஓட்டு போடுவீங்கன்னு கேக்குற மாதிரி. ரெண்டுலயும் பிடிச்ச வண்டி இருக்கு, ரெண்டுலயும் காசு குடுத்தாலும் வேணாம்னு சொல்ற வண்டியும் இருக்குங்கன்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. அப்படி இருக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு எனக்கு தெரிஞ்ச வழிய சொல்றேன்.

மொதல்ல பேட்ஜுக்கு, அதாவது வண்டில ஒட்டியிருக்குற கம்பெனி சின்னத்துக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாக்க பழகணும். டாடா ஹாரியரையே எடுத்துக்கோங்க. 2019ல வந்த அந்த வண்டியோட பிளாட்ஃபார்ம் (பாடிக்கு கீழ இருக்குற அடித்தளம்) லேண்ட் ரோவர்ல இருந்து வந்தது, 2 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட்டோடது, 2020ல ஆட்டோமேட்டிக் விட்டப்போ கியர்பாக்ஸ் ஹூண்டாய்கிட்ட வாங்கி போட்டாங்க. அதே ஃபியட் இன்ஜின் தான் ஜீப் காம்பஸ்லயும் எம்ஜி ஹெக்டர்லயும் ஓடுச்சு. இப்போ ஹாரியர்காரரும் ஹெக்டர்காரரும் "எங்க இன்ஜின் மாதிரி வருமா"ன்னு மல்லுக்கட்டுனா பாக்குற நமக்கு சிரிப்பு வருமா வராதா?

அதுக்கு முன்னாடி ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் இருந்துச்சு, மாருதி ஸ்விஃப்ட்ல டிடிஐஎஸ்னு பேரு, டாடா இண்டிகா விஸ்டால குவாட்ராஜெட்னு பேரு, ஃபியட்டோட சொந்த புன்டோ, லினியாலயும் அதே தான், அதனால தான் அதுக்கு நேஷனல் இன்ஜின்னே பட்டப்பேரு வச்சாங்க. மாருதி பலீனோ தான் டொயோட்டா கிளான்சா, ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகுனும் அண்ணன் தம்பி, ரெனோ டஸ்டரும் நிஸ்ஸான் டெரானோவும் ஒரே ஒரகடம் ஃபேக்டரியில இருந்து வந்ததுங்க. அதனால புது வண்டி ஏதாவது வந்தா சன்ரூஃப், ஸ்கிரீன் சைஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்ஜின் யாரோடது, கியர்பாக்ஸ் யாரு செஞ்சது, இதே பிளாட்ஃபார்ம்ல வேற எந்த வண்டி நிக்குதுன்னு இந்த மூணையும் தேடி பாருங்க, பாதி வெறி அங்கயே இறங்கிடும்.

ரெண்டாவது, கம்பெனிய வச்சு பேசாதீங்க, மாடலை வச்சு பேசுங்க. "மஹிந்திரானா சேஃப்டி"ன்னு ஒருத்தர் சொல்வார், வண்டிய மோத விட்டு ஸ்டார் குடுக்குற குளோபல் என்கேப் டெஸ்ட்ல எக்ஸ்யூவி 700 அஞ்சு ஸ்டார் வாங்குனது உண்மை தான், ஆனா அதே மஹிந்திராவோட பொலேரோ நியோ 2024ல ஒரே ஒரு ஸ்டார் தான் வாங்குச்சு. "மாருதினா தகர டப்பா"ன்னு இன்னொருத்தர், அதே வருஷம் புது டிசையர் அஞ்சு ஸ்டார் வாங்கிடுச்சு. இதுலயும் ஒரு விஷயம் இருக்கு, 2022ல டெஸ்ட் ரூல்ஸையே கடுமையாக்கிட்டாங்க, அதனால பழைய ஸ்டாரையும் புது ஸ்டாரையும் ஒரே தராசுல வைக்க முடியாது, எந்த வருஷத்து டெஸ்ட்டுன்னு பாக்காம ஸ்டார் எண்ணாதீங்க.

அடுத்து ஓட்டணும், இது தான் முக்கியம். வீடியோ பாத்துட்டு வர்ற கருத்து எல்லாம் இரவல் கருத்து. முடிஞ்சா எல்லா வண்டியையும் ஒரே ரோட்ல ஓட்டி பாருங்க. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோடு எதையும் மறைக்காது. அந்த 1.3 டீசலை ரெண்டாவது கியர்ல வளைவுக்குள்ள கொண்டு போய் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) 2000க்கு கீழ விழ விட்டீங்கன்னா வண்டி அப்படியே சோர்ந்து போய் நிக்கும், ஆக்சிலரேட்டர மிதிச்சாலும் ஒரு நொடி ஒண்ணும் நடக்காது, அப்புறம் டர்போ முழிச்சதும் முதுகுல ஒரு தள்ளு தள்ளும் பாருங்க. சில பேருக்கு அந்த தள்ளு தான் சுகமே (எனக்கும் தான்). மாருதியோட 1.2 பெட்ரோல்ல அந்த நாடகம் கிடையாது, அமைதியா ஏறும், ஆனா லோடு இருந்தா சில வளைவுல ஃபர்ஸ்ட் கியருக்கு இறங்கித்தான் ஆகணும். இதுல எது நல்லதுன்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், ரெண்டு குணத்தையும் காலால தெரிஞ்சுக்கிட்டாலே போதும்.

மலைக்கு போக முடியலைன்னா டெஸ்ட் டிரைவ உருப்படியா பண்ணுங்க. ஷோரூம்காரங்க நேரா இருக்குற ரோட்ல ஒரு ரவுண்டு விட்டு கூட்டிட்டு வந்துடுவாங்க, பாட்டு வேற சத்தமா ஓடும். பாட்ட நிறுத்த சொல்லுங்க. நாலு பேரா ஏறி ஏசிய போட்டுட்டு ஒரு பேஸ்மென்ட் ராம்ப்ல நிறுத்தி எடுத்து பாருங்க, சின்ன பெட்ரோல் இன்ஜினோட வண்டவாளம் அங்க தெரியும். அப்படியே பின் சீட்ல உக்காந்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டுங்க. ஃபிரெண்டு வண்டிய வாங்கி ஓட்டுனா பெட்ரோல் போட்டு தான் திருப்பி குடுக்கணும், இத சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்தும் ஓட்டலாம், ஆனா வாடகை வண்டி நிறைய பேர்கிட்ட அடிவாங்குனதா இருக்கும், அந்த கிளட்ச்ச வச்சு கம்பெனிய எடை போடாதீங்க.

சொந்த வண்டி விஷயத்துல தான் எல்லாருக்கும் கண்ணு மறைக்கும். பல லட்சம் குடுத்து வாங்குனத குறை சொல்ல மனசு வராதுல்ல. அதனால உங்க வண்டியில பிடிக்காதது மூணு, உங்களுக்கு ஆகவே ஆகாத கம்பெனி வண்டியில பிடிச்சது மூணு சொல்லி பாருங்க. ரெண்டாவது லிஸ்ட் வரலைன்னா இன்னும் நிறைய வண்டி ஓட்டணும்னு அர்த்தம்.

சென்னை பக்கம் இருந்தா இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ரேஸ் நடக்குறப்போ போய் பாருங்க, கோவைன்னா ஜிடி கார் மியூசியம் இருக்கு. பழைய வண்டிங்கள பாத்தா நம்ம சண்டை எல்லாம் ரொம்ப லேட்டஸ்ட்டுன்னு புரியும்.

கடைசியா காசு மேட்டர். ரசிக்கிறது வேற, வாங்குறது வேற. ஃபோர்டு இங்க கார் தயாரிக்கிறத நிறுத்துறோம்னு 2021ல சொன்னாங்க, அதுக்கப்புறமும் ஈகோஸ்போர்ட் டீசலோட ஹேண்ட்லிங்க மெச்சாத ஆள் இல்ல, மெச்சலாம், செகண்ட்ஸ்ல தேடலாம், தப்பே இல்ல. ஆனா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல அந்த வண்டிய தொடுற மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போய் எந்த பார்ட்டுக்கு எத்தன நாள் காத்திருக்க வேண்டி வருது, என்ன விலை ஆகுதுன்னு கேளுங்க. "ஹெட்லைட்டு, பம்பருக்கு தான்ணே அலையணும், இன்ஜின் சாமான் கெடைக்கும்"னு அவர் பட்டுன்னு சொன்னா வாங்கலாம், தலைய சொறிஞ்சுட்டு "பாத்துக்கலாம்ணே"ன்னு இழுத்தா அடுத்த வண்டிய பாருங்க.